‘கொஞ்ச நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்’: தீர்ப்புக்கு முன் அடைபடும் பிள்ளைகள்

கேள்வி இது: “ஒரு வழக்கில் பிடிபட்ட சிறுவனை, குற்றம் நிரூபணம் ஆவதற்கு முன்பே காவலில் வைப்பது நியாயமா? வெளியே விட்டால் ஓடிவிட மாட்டானா? கொஞ்ச நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும் என்று பெரியவர்களே சொல்கிறார்களே, அது உண்மையா?”

நான் வழக்கறிஞர். சிறார் வழக்குகளில் பல ஆண்டுகளாக ஆஜராகி வருகிறேன். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அடியில் கிடப்பது அந்த நினைப்புதான்.

புத்தி வரட்டும் என்று ஒருவனை அடைத்தால் அதற்குப் பெயர் தண்டனை. தண்டனை கொடுக்க வேண்டுமானால் அவன்தான் செய்தான் என்று முதலில் முடிவாக வேண்டும். முடிவாகும் வரை அவன் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பிள்ளை, அவ்வளவே. விசாரணைக்கு முந்தைய காவலுக்குப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் ஏற்கும் காரணங்கள் மூன்றில் அடங்கிவிடும். வழக்குக்கு வராமல் தலைமறைவாகிவிடுவான். சாட்சியை மிரட்டுவான் அல்லது தடயத்தை அழிப்பான். வெளியே போனால் வேறொருவருக்குப் பெரிய தீங்கு செய்வான். புத்தி வருவது இந்தப் பட்டியலில் இல்லை. சிறார் நீதிக்காக 1985இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பெய்ஜிங் விதிகளில் 13ஆவது விதி, இந்தக் காவல் வேறு வழியே இல்லாத நிலையில்தான், அதுவும் முடிந்த அளவு குறைந்த காலத்துக்குத்தான் என்கிறது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 37ஆவது பிரிவில் அதையே நாடுகளைக் கட்டுப்படுத்தும் கடமையாக்கியது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்கா ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அதில் இணைந்துவிட்டன.

ஆனால் நடப்பது வேறு. சுதந்திரம் பறிக்கப்பட்ட குழந்தைகள் பற்றி ஐ.நா.வுக்காக மன்ஃபிரெட் நோவாக் தலைமையில் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. விசாரணைக் காவல் இடங்களிலும் சிறைகளிலும் மட்டும் ஆண்டுக்கு குறைந்தது 4,10,000 குழந்தைகள் அடைக்கப்படுகிறார்கள் என்று அது மதிப்பிட்டது. காவல் நிலையங்களில் வைக்கப்படுபவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அவர்கள் இன்னும் சுமார் 10 லட்சம். ஆஸ்திரேலியாவில் சிறார் காவல் மையங்களில் ஒரு சராசரி இரவில் இருப்பவர்களை எண்ணினால், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள்தான் பத்தில் ஏழு பேருக்கும் மேல். அங்கே அடைபட்டிருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பூர்வகுடிப் பிள்ளைகள். ‘வேறு வழியே இல்லாத நிலை’ இத்தனை பேருக்கு, அதுவும் ஒரே சமூகத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு அடிக்கடி, எப்படி வாய்க்கிறது?

என் அனுபவத்தில் இதற்கு ஒரு சொல்தான் வழிவிடுகிறது: ‘பாதுகாப்புக்காக’. அந்த மூன்று காரணங்களில் ஒன்றும் பொருந்தாத பையனைக் கூட்டிவருவார்கள். அப்பா இருக்கும் இடம் தெரியாது. அம்மா வேலைக்குப் போயிருப்பார், போனை எடுக்கமாட்டார். மாமா முறை உள்ளவர் ஒருவர் வந்து “எங்க பேச்சக் கேக்குறதில்ல சார், நீங்களே வச்சுக்குங்க” என்பார். நீதிபதி யோசிப்பார்: இவனை யாரோடு அனுப்புவது? அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால்? உள்ளே வைத்தால் அவனுக்கு என்ன ஆனாலும் செய்தியாகாது. வெளியே விட்டு அவன் ஒரு செயின் பறித்தாலும் ‘விட்டது யார்’ என்று கேட்பார்கள். ஆகவே அவன் நன்மைக்காகவே காவல் என்று உத்தரவு எழுதப்படும். அந்த நீதிபதியைக் கொடியவர் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாலும் இளகிய மனம் உள்ளவர்கள்தான் இந்த உத்தரவை எழுதுகிறார்கள். வீடு இல்லாததும் அம்மா போனை எடுக்காததும் எப்படி ஒரு பிள்ளையின் குற்றமாகும் என்பதுதான் என் கேள்வி. அதே வழக்கில் பிடிபட்ட, வசதியான வீட்டுப் பையன் மாலைக்குள் வீட்டில் இருப்பான்.

தமிழில் ‘காவல்’ என்ற சொல்லே இந்தக் குழப்பத்தைச் சுமக்கிறது. காத்து நிற்பதும் காவல்தான், பூட்டி வைப்பதும் காவல்தான். சட்டங்களும் இரண்டையும் ஒன்றாகவே பின்னியிருக்கின்றன. இங்கிலாந்தின் 1976ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தில், பெரியவர் என்றால் அவருடைய சொந்தப் பாதுகாப்புக்காகவும், சிறுவர் என்றால் அவர் ‘நலனுக்காகவும்’ பிணை மறுக்கலாம் என்று இருக்கிறது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், 12ஆவது பிரிவில், ஜாமீனில் விடக்கூடிய குற்றமா கூடாத குற்றமா என்று பார்க்காமல் சிறுவரை விடச் சொல்கிறது. மறுக்க மூன்றே காரணங்கள்தான். தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடக்கூடும் என்பது ஒன்று. ஒழுக்கம், உடல், மனம் இவற்றுக்கு ஆபத்து என்பது இன்னொன்று. நீதியின் நோக்கம் கெட்டுவிடும் என்பது மூன்றாவது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட பிரிவு இது. ஆனால் ‘மனத்துக்கு ஆபத்து’ என்ற சொல்லுக்குள் ஏழைப் பிள்ளையின் தெருவையே அடக்கிவிடலாம். அடக்குகிறார்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1964 ஜூன் 8, அரிசோனா மாநிலம். ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன் அக்கம்பக்கத்துப் பெண்மணி ஒருவரிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார். அதிகாரிகள் வந்து அவனைக் கூட்டிப்போனபோது அப்பாவும் அம்மாவும் வேலையில் இருந்தார்கள். பையனைக் கொண்டுபோகிறோம் என்று வீட்டில் ஒரு துண்டுச்சீட்டுகூட வைக்கவில்லை. மாலை ஆறு மணி வாக்கில் வீடு திரும்பிய அம்மா, மகனைக் காணாமல் மூத்தவனை அனுப்பித் தேடிய பிறகுதான் விவரம் தெரிந்தது. மூன்று நான்கு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவனை ஏன் வைத்திருந்தார்கள், பிறகு ஏன் விட்டார்கள் என்பதற்குப் பதிவேட்டில் எந்த விளக்கமும் இல்லை என்று உச்ச நீதிமன்றமே பிற்பாடு குறித்தது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஏனென்றால் நான் புரட்டிய கோப்புகளிலும் அதே வெற்றிடத்தைப் பார்த்திருக்கிறேன். தேதி இருக்கும், முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும். காரணம் எழுதவேண்டிய இடத்தில் ‘சிறுவரின் நலன் கருதி’ என்று மூன்றே சொல், அதுவும் அச்சடித்தே இருக்கும்.

கால்டை 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவானது. அதே செயலுக்கு ஒரு பெரியவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. 1967இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்து, சிறுவருக்கும் வழக்கறிஞர் வேண்டும், குற்றச்சாட்டு என்ன என்ற அறிவிப்பு வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை வேண்டும் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு விசாரணையைத்தான் சீர்செய்தது, அதற்கு முந்தைய அந்த மூன்று நான்கு நாளைத் தொடவில்லை. 1984இல் அதே நீதிமன்றம் ஷால் எதிர் மார்ட்டின் வழக்கில், மீண்டும் குற்றம் செய்துவிடக்கூடும் என்ற ஊகத்தின் பேரில் சிறுவரை முன்கூட்டியே காவலில் வைக்கலாம் என்ற நியூயார்க் சட்டத்தைச் செல்லும் என்றது. அங்கே காவலுக்கு 17 நாள் உச்சவரம்பு இருந்தது உண்மைதான். ஆனால் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று, சிறுவர்கள் எப்போதுமே யாராவது ஒருவருடைய காவலில்தானே இருக்கிறார்கள் என்பது. அம்மாவின் காவலையும் இரும்புக் கதவின் காவலையும் ஒரே தராசில் வைத்த வாதம் அது. எனக்கு அது அன்றும் தவறு, இன்றும் தவறு.

கொஞ்ச நாள்தானே என்பவர்களுக்கு, அந்தக் கொஞ்ச நாளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதன்முதலாக ஆஜர்படுத்தும்போது பேச்செல்லாம் பையனின் தலைக்கு மேலே நடக்கும். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு நான் பிணை கேட்கப் போவதாகச் சொன்னேன். “வேணாம்” என்றான். ஏன் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டபோது, குரலே வராமல், “எனக்குப் பதிலா அம்மாவ பிடிச்சு வச்சுக்குவாங்கல்ல” என்றான். பிணை என்ற சொல்லை அவன் பிணைக்கைதி என்று செய்திகளில்தான் கேட்டிருக்கிறான். அம்மாவை மாட்டிவிடக் கூடாது என்று தானே உள்ளே இருந்துகொள்ளத் தயாராக நின்றிருக்கிறான். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையிடமும் “புரிந்ததா?” என்று நான் கேட்பதில்லை. “நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பார்ப்போம்” என்றுதான் கேட்கிறேன்.

காவலில் போகும் முதல் சில நாள்தான் மிக ஆபத்தானவை. எவ்வளவு நாள் இருக்கப்போகிறோம் என்று தெரியாது. தண்டனை பெற்றவனுக்கு ஒரு தேதி இருக்கும், எண்ணிக் கழிக்கலாம். இவனுக்கு ‘அடுத்த வாய்தா’ மட்டும்தான், அதுவும் தள்ளிப்போகும். பெரியவருக்கு இரண்டு வாரம் என்பது இரண்டு வாரம். பதினைந்து வயதில் அது ஒரு தேர்வு, ஒரு அணித் தேர்வு, கடைசியாகப் பேசிய நண்பன். பள்ளியில் பெயரை அடித்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது பெரும் போராட்டம். தினமும் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு அது இரண்டு மூன்று நாள் நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன், யாரும் கேட்காததால். தூக்கமும் பசியும் பயமும் சேர்ந்து, மூன்றாம் நாள் அவனிடம் யாராவது “செஞ்சேன்னு ஒத்துக்கோ, இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்” என்றால் பெரும்பாலான பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்கள். செய்யாதவனும் ஒத்துக்கொள்வான். அவனுக்கு இன்றைய இரவுதான் கண்ணுக்குத் தெரியும், இருபத்தைந்து வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வந்து நிற்கும் பதிவு தெரியாது. காவல், விசாரணையின் முடிவையே வளைத்துவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒத்துக்கொள்ள மறுத்த ஒருவர் கலீஃப் பிரவுடர். 2010 மே மாதம் நியூயார்க்கில், ஒரு முதுகுப் பையைத் திருடியதாகப் பிடிக்கப்பட்டபோது அவருக்கு 16 வயது. அந்த மாநிலம் அப்போது 16 வயதினரைப் பெரியவராகவே விசாரித்தது. பிணைத்தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. முந்தைய வழக்கொன்றில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார் என்பதால், பிறகு பிணையே மறுக்கப்பட்டது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் ஏறக்குறைய மூன்று ஆண்டு. அதில் சுமார் இரண்டு ஆண்டு தனிமைச் சிறை. அரசுத் தரப்பு தயாராக இல்லை என்று வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறோம் என்றபோதும், செய்யவில்லை என்றே நின்றார். 2013இல் வழக்கையே கைவிட்டு அனுப்பினார்கள். விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. 2015 ஜூனில், தன் 22ஆம் வயதில், பெற்றோர் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் அதிபர் ஒபாமா, மத்திய அரசுச் சிறைகளில் சிறாரைத் தனிமையில் அடைப்பதற்குத் தடை விதித்தார். 2017இல் நியூயார்க் மாநிலம் சிறார் வயது வரம்பை 18க்கு உயர்த்தச் சட்டம் இயற்றியது. ஒரு முதுகுப் பைக்காக இத்தனையும்.

சரி, புத்தியாவது வருகிறதா? சிகாகோவில் பத்தாண்டு கால வழக்குகளை அன்னா ஐசர், ஜோசப் டாயில் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அங்கே எந்த வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்பது ஏறக்குறைய குலுக்கல் முறை. ஆகவே, ஒரே மாதிரியான பிள்ளைகளில் கண்டிப்பான நீதிபதியிடம் போனவர்களையும் இளகிய நீதிபதியிடம் போனவர்களையும் ஒப்பிட முடிந்தது. அடைக்கப்பட்டவர்கள் பள்ளிப்படிப்பை முடிப்பது குறைந்தது. வளர்ந்தபின் சிறைக்குப் போவது கூடியது. 2015இல் வெளியான அந்த ஆய்வு முக்கியமாகத் தீர்ப்புக்குப் பிந்தைய அடைப்பைப் பற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குற்றம் உறுதியான பிள்ளைக்கே அடைப்பு இவ்வளவு கெடுதல் செய்கிறது என்றால், உறுதியாகாத பிள்ளைக்கு மட்டும் அது நல்லது செய்யும் என்று எந்த நியாயத்தில் நம்புவது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும், விசாரணைக்கு முன் அடைக்கப்பட்ட சிறுவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடைசியில் சிறைத் தண்டனை கிடைப்பதே இல்லை. உள்ளே கழித்த நாள்களைக் கணக்கில் எடுத்துச் சிலரை விட்டிருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும், தண்டனையாகக் கிடைக்காத சிறையைப் பல பிள்ளைகள் முன்கூட்டியே அனுபவித்துவிடுகிறார்கள்.

இனி, ஓடிவிட மாட்டானா என்ற கேள்வி. ஓடுவது வேறு, வாய்தாவுக்கு வராமல் போவது வேறு. ஓடிப்போய் எங்காவது பிழைக்கப் பணமும் ஆளும் வேண்டும், பதினைந்து வயதில் அது யாரிடம் இருக்கிறது? வராமல் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேதியை மறந்தவர்கள், கூட்டிவர ஆள் இல்லாதவர்கள், பயந்து படுத்துக்கொண்டவர்கள். இதற்குப் பூட்டு எதற்கு? முதல் நாள் இரவு ஒரு போன், காலையில் கூட வர ஒருவர் இருந்தாலே போதும். அமெரிக்காவில் ஆனி ஈ. கேசி அறக்கட்டளை 1992இல் தொடங்கிய முயற்சி, அடைப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துப்பூர்வமாக அபாய மதிப்பீடு செய்யச் சொன்னது. அடைப்புக்கு மாற்றான ஏற்பாடுகளையும் கூடவே உருவாக்கியது. சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் மாலை நேர மையங்கள் வந்தன. பள்ளி விட்டதும் மாலை நான்கு மணி வாக்கில் வண்டி அனுப்பிப் பிள்ளைகளை அழைத்துக்கொள்வார்கள். ஒன்பது மணி வரை படிப்பு, விளையாட்டு, இரவுச் சாப்பாடு. பிறகு வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். வம்பு நடப்பது பெரும்பாலும் எந்த நேரத்தில் என்று பார்த்து, அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்த ஏற்பாடு அது.

யார் செலவு செய்கிறார்கள் என்பதும் முக்கியம். பலரும் இதைக் கவனிப்பதில்லை. அடைத்து வைக்கும் செலவு ஒரு துறையிடமும், மாற்று ஏற்பாட்டின் செலவு இன்னொரு துறையிடமும் இருந்தால், இரண்டாவது துறை சும்மா இருந்துவிடும். இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணைக்கு முன் அடைபடும் சிறுவர்களுக்கான செலவின் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் தள்ளியது. அடைபட்ட ஒவ்வொரு பிள்ளையையும் அந்த அமைப்பின் பராமரிப்பில் உள்ள பிள்ளையாகவே கருதவேண்டும் என்றும் சொன்னது. அதுவரை பெரியவராக நடத்தப்பட்ட 17 வயதினரையும் சிறுவர் பக்கம் சேர்த்தது.

இவ்வளவு சொன்னதால் எந்தப் பிள்ளையையும் எந்த நிலையிலும் வைக்கவே கூடாது என்று வாதிடுவதாக நினைக்க வேண்டாம். கத்தியால் குத்திவிட்டு, பிழைத்தவனின் வீட்டுக்குப் போய் மிரட்டிய பதினேழு வயதுப் பையனுக்கு நானே ஆஜராகியிருக்கிறேன். அந்த வீட்டுக் குழந்தைகளும் குழந்தைகள்தான். அவர்கள் தூங்க வேண்டும். அப்படியான வழக்கில் காவல் தேவைப்படும். தேவைப்படும்போது அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கவேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. வழக்கறிஞரைத் தனியாகப் பார்க்க முடியவேண்டும். படிப்பு நிற்கக் கூடாது. காரணம் எழுத்தில் வேண்டும், அடிக்கடி மறுபரிசீலனை வேண்டும். ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு தன் 24ஆவது பொதுக் கருத்துரையில் (2019) கெடு வைத்துச் சொல்கிறது: பிடித்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரமுள்ள ஒருவர் முன் நிறுத்தி, காவல் சரியா என்று பார்க்கவேண்டும், காவல் தொடங்கி 30 நாளுக்குள் முறைப்படி குற்றம் சாட்டவேண்டும், ஆறு மாதத்துக்குள் இறுதி முடிவு வரவில்லை என்றால் விட்டுவிடவேண்டும். இந்தியச் சட்டத்தில் விசாரணையை முடிக்க நான்கு மாதம், வேண்டுமானால் இன்னும் இரண்டு மாதம். பிணை கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் உள்ளேயே இருந்தால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பிள்ளையை மறுபடி சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு இந்த ஏழு நாள் விதி தெரியாது. பல வழக்கறிஞர்களும் கேட்பதில்லை.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை மாட்டியிருந்தால், முதல் ஆஜருக்கு யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் போய் நில்லுங்கள். அம்மா அப்பாவுக்கு முடியாவிட்டால் பெரியப்பா, அத்தை, ஆசிரியர் யாராக இருந்தாலும் சரி. கோபம் இருந்தால் வீட்டில் காட்டிக்கொள்ளுங்கள். அங்கே போய் “நீங்களே வச்சுக்குங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு வாக்கியம் உத்தரவில் ஏறிவிடும். அவன் எங்கே தங்குவான், பள்ளி எது, வாய்தாவுக்கு யார் கூட்டிவருவார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டுச் சூழல் சரியில்லை என்று சொன்னால், வேறு உறவினர் வீட்டு முகவரி ஒன்று கையில் இருக்கட்டும். பிணை மறுத்தால், எந்தக் காரணத்தின் பேரில் என்று எழுதித் தரக் கேளுங்கள். அடுத்து எப்போது பரிசீலிப்பார்கள் என்றும் கேளுங்கள். அவன் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் வேளையையும் எழுதி, அன்றைக்கே அங்குள்ள பொறுப்பாளரிடம் கொடுங்கள். முன்பு எப்போதாவது தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிளம்பும் முன் அவனிடம் பேச ஒரு நிமிடம் கிடைத்தால், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவேண்டாம். அடுத்த தேதி என்றைக்கு, அதற்குள் யார் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். அதை அவன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வையுங்கள்.